மற்றவை என்ற கட்டம்

"படிச்சுக் காட்டும்மா. மறுபடியும் முதல்ல இருந்து," என்றாள் மகள் போனில்.

பசை மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விருதுக் குழுவின் கடிதத்தை இன்னொரு தரம் வாசித்தார். "'நேர்காணலில் எவரும் தம் பணியைப் பற்றிப் பேசக் கூடாது. ஒருவர் மற்றவரின் பணியை, அத்துறை அறியாதவர்க்கும் விளங்கும்படி ஐந்து நிமிடத்தில் எடுத்துரைக்க வேண்டும்.' அவ்வளவுதான்."

"அப்ப உன் பாலிமரை அத்தை சொல்லணும். அத்தையோட நர்சிங்கை நீ சொல்லணும்."

"ஆமா."

மகள் சிரிக்க ஆரம்பித்தாள். அடங்கவே இல்லை. "அம்மா, எனக்குக் கல்யாணமான இந்த ஆறு வருஷத்துல நீங்க ரெண்டு பேரும் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டதைத் தவிர ஒருத்தரை ஒருத்தர் வேற ஏதாவது கேட்டிருக்கீங்களா?"

"ஏன், 'தூங்கினீங்களா'ன்னு கேட்டிருக்கேன்," என்றார் பசை மேடம் ரோஷத்தோடு.

பல்கலைக்கழகத்தின் பாலிமர் அறிவியல் துறையில் முப்பத்தொரு வருடமாக எது எதோடு ஒட்டும், எப்போது விடும் என்பதையே ஆராய்ந்துகொண்டிருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். இப்போது துணைவேந்தரே நேரில் அப்படித்தான் கூப்பிட்டார்.

விருதுக்கும் நீளமான ஒரு பெயர் உண்டு. பாலிமர் அறிவியலில் பல்துறை ஆய்வுக்கான விருது. அதை யாரும் முழுசாகச் சொல்வதில்லை. ரெட்டை விருது என்றால்தான் தெரியும். பாலிமர்காரர் ஒருவர், அதோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத வேறு துறைக்காரர் ஒருவர், இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு ஒன்று. பசை மேடம் நாலு தடவை மனுப் போட்டவர். கட்டடத் துறைக்காரரோடு ஒரு தடவை, இசைத் துறைக்காரரோடு ஒரு தடவை, விவசாயத் துறைக்காரரோடு இரண்டு தடவை. நாலு தடவையும் இரண்டாவது இடம். முதல் தடவை மனுப் போட்ட கையோடு, பட்டயத்தை மாட்டுவதற்கென்று தன் அறைச் சுவரில் தானே ஓர் ஆணி அடித்து வைத்தார். அதில் இப்போது காலண்டர் தொங்குகிறது. வருகிற ஏப்ரலில் பணி ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் மனுப் போட முடியாது. ஆக, இதுதான் கடைசி.

இந்தத் தடவை ஜோடி, அவருடைய சம்பந்தி. மகளின் மாமியார். பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டைப் பார்த்துக்கொண்டு, செவிலியர் கல்லூரியில் பாடமும் எடுப்பவர். ஊழியர், நோயாளி, டாக்டர் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்.

ஆராய்ச்சி தொடங்கியது மகளின் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். "வயசானவங்க தோல் காகிதம் மாதிரி சம்பந்தி," என்று சிஸ்டர் ஒரு நாள் சொன்னார். "காயத்துக்கு மேல ஒட்டின டேப்பை உரிக்கும்போது தோலும் கூடவே வந்துடுது. பழைய காயம் ஆறுறதுக்குள்ள புதுக் காயம்." பசை மேடத்துக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. நனைத்தால் தானே விட்டுவிடும் ஒரு பசைப் படலம் அவருடைய அலமாரியில் வேலையில்லாமல் நாலு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம். பசை மேடம் படலத்தைச் செய்து அனுப்புவார். சிஸ்டர் வார்டில் ஒட்டி, உரித்து, படிவம் நிரப்பி அனுப்புவார். "எப்படி வருது சம்பந்தி?" என்றால், "நல்லா வருது சம்பந்தி." அதோடு சரி. ஒருத்தர் பெண்ணைக் கொடுத்தவர், ஒருத்தர் பெண்ணை எடுத்தவர். ஒரு வார்த்தை கூடக்குறைய விழுந்தால் சின்னஞ்சிறுசுகள் தலையில் விடியும் என்று இரண்டு பேருக்கும் பயம்.

நேர்காணலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சிஸ்டர் கோடு போட்ட நோட்டோடு ஆய்வகத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்தவர் மாதிரி அட்டையெல்லாம் போட்டிருந்தார்.

பசை மேடம் காகிதம் செருகும் கிளிப்புகளைக் கோத்து நீளமான சங்கிலி ஒன்று செய்து வைத்திருந்தார். "பாலிமர்னா இதுதான் சம்பந்தி. ஒரே மாதிரி துண்டுங்க கைகோத்து நிக்கறது. இந்த மாதிரி கோடிக்கணக்குல சங்கிலிங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல குட்டிக் குட்டிக் கை இருக்கு. அந்தக் கைதான் தோலைப் பிடிச்சுக்குது. தண்ணி பட்டா தோலை விட்டுட்டுத் தண்ணியைப் பிடிச்சுக்கும்."

"நல்லா இருக்கு சம்பந்தி," என்று எழுதிக்கொண்டார் சிஸ்டர்.

புரிந்ததா புரியவில்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பசை மேடம் கண்ணாடித் தகட்டில் செயற்கைத் தோலை ஒட்டி, அதன்மேல் படலத்தை ஒட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். ஐம்பது விநாடி. படலம் தானே கழன்று மிதந்து மேலே வந்தது. எத்தனையோ நூறு தடவை பார்த்தாலும் பசை மேடத்துக்கு இந்த இடத்தில் மனசு ஒரு குதி குதிக்கும்.

சிஸ்டர் தொட்டியில் ஒளிர்ந்த எண்ணைப் பார்த்தார். "முப்பத்தேழுன்னு போட்டிருக்கே?"

"உடம்புச் சூடு. மனுஷ உடம்பு மாதிரியே இருக்கட்டுமேன்னு தண்ணியை அந்தச் சூட்டுலயே வச்சிருக்கேன்."

சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "நல்லா இருக்கு சம்பந்தி," என்றார். கிளம்பும்போது பசை மேடத்தின் கையைப் பிடித்தவர் திடுக்கிட்டார். "என்ன இது, கை இப்படிச் சில்லுனு இருக்கு?"

"இந்த ஏசியிலயே பாதி ஆயுசு போச்சு. என் பொண்ணு சின்ன வயசுல எனக்கு ஐஸ்பெட்டின்னு பேர் வச்சா. சாப்பிட்டுட்டுப் போலாமே?"

"இல்ல, சாப்பிட்டுத்தான் வந்தேன்."

இரண்டு நாள் கழித்துப் பசை மேடம் வார்டுக்குப் போனார். ஆராய்ச்சியின் தொடக்க விழா அன்றைக்குப் புகைப்படத்துக்கு நின்றதோடு சரி, இந்த இரண்டு வருடத்தில் இரண்டாவது தடவை. சிஸ்டர் ஒரு கூட்டத்தில் இருந்தார். வர அரைமணி ஆகும் என்றார்கள். ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் முன்கையில் படலம் ஒட்டியிருக்க, போகிறவர் வருகிறவரையெல்லாம் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவராம். இன்றைக்கு அவருக்குப் படலம் மாற்றும் நாள்.

"நான் மாத்தட்டுமா ஐயா? இதைச் செஞ்சதே நான்தான்," என்றார் பசை மேடம். பக்கத்தில் நின்ற பயிற்சிச் செவிலி தலையசைத்தாள். மேடத்துக்குச் சின்னப் பெருமை. பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் நனைத்துப் படலத்தின் மேல் வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது விநாடி. ஓரத்தை மெதுவாகத் தூக்கினார்.

வரவில்லை.

இன்னொரு ஐம்பது விநாடி. நல்ல பிள்ளை மாதிரி ஒட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் இழுத்தார்.

"அம்மா! டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழிக்கறீங்களே!" என்று கையை உருவிக்கொண்டார் கண்டக்டர். "சிஸ்டர் இப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க."

"எப்படிச் செய்வாங்க?"

"வெந்நீர்ல துணியை முக்கிப் பிழிஞ்சு மேல போட்டு, அதுக்கு மேல கையை வச்சுக்குவாங்க. வச்சுக்கிட்டுப் பேசுவாங்க. எந்த ரூட்ல ஓடினீங்க, எந்த டிரைவரோட சண்டைன்னு. நான் கடைசி ஸ்டாப்புக்கு வந்து சேரும்போது அது தானா இறங்கி நிக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது நான் எந்த ரூட்டைச் சொல்றேங்கறதைப் பொறுத்தது. ஒரு பத்து நிமிஷம் வச்சுக்குங்களேன்."

பசை மேடம் பயிற்சிச் செவிலியிடம் வெந்நீர் கேட்டு வாங்கினார். துணியைப் போட்டார். கையை வைத்தார். கண்டக்டர் நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்கம்மா. துணி சூடா இருக்கு, உங்க கை அதை ஆற வச்சுடுது."

படலம் அசையவில்லை.

மனுவின் முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், தானே எழுதிய வரி மேடத்தின் கண் முன்னால் நின்றது: சாதாரணத் தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குள் உரியும்.

சிஸ்டர் வந்ததும் மேடம் அவரைத் துணி அடுக்கும் அறைக்குத் தள்ளாத குறையாகக் கூட்டிப் போனார். சலவையிலிருந்து வந்த போர்வைகள் கூரை வரை அடுக்கியிருந்தன.

"சாப்பிட்டீங்களா சம்பந்தி?"

"சாப்பாடு கிடக்கட்டும். தண்ணியில வரலையே! ரெண்டு வருஷமா எத்தனை தடவை கேட்டேன், எப்படி வருதுன்னு? நல்லா வருது, நல்லா வருதுன்னீங்களே!"

"நல்லாத்தானே வருது? கையை வச்சா வருது."

"கையை வச்சாங்கறதைச் சொல்லணுமா வேண்டாமா?"

சிஸ்டரின் முகம் சிவந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சம்பந்தியின் குரல் உயர்ந்திருக்கிறது. "எழுதித்தானே கொடுத்தேன்? ஒவ்வொரு படிவத்துலயும் எழுதினேனே. கடைசிக் கட்டத்துல. மற்றவைன்னு இருக்குமே."

மற்றவை. அந்தக் கட்டத்தைப் பசை மேடம் முதல் மாதம் பார்த்தார். 'ஐயாவின் மகள் பேசுவதில்லையாம், வருத்தப்பட்டார்' என்று இருந்தது. அடுத்ததில், 'அம்மா இளமையில் நீச்சல் போட்டியில் ஜெயித்தவராம்.' இதெல்லாம் ஆராய்ச்சிக்கு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சம்பந்தி ஆசையாக எழுதுகிறார். எழுதிவிட்டுப் போகட்டும் என்று, படிவங்களைக் கணினியில் ஏற்றும் பெண்ணிடம், "கடைசிக் கட்டத்தை விட்டுடும்மா, அது சும்மா," என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவரும் படிக்கவில்லை.

"நான் அதைப் படிக்கலை சம்பந்தி," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு ரெண்டு படிச்சேன். ஊர்க்கதைன்னு நினைச்சு விட்டுட்டேன். சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை."

சிஸ்டர் ஒரு போர்வையை எடுத்து மடித்தார். அது ஏற்கெனவே மடித்துத்தான் இருந்தது. "நானும் ஒண்ணு சொல்லலை," என்றார் மெதுவாக. "அன்னிக்கு உங்க தொட்டியில முப்பத்தேழுன்னு பார்த்தேனே. உடம்பு முப்பத்தேழுதான். ஆனா கை அப்படி இருக்காது. வயசானவங்க முன்கை எப்பவும் சில்லுனுதான் இருக்கும், முப்பது இருந்தாலே பெரிசு. எங்க முதல் வருஷப் பிள்ளைங்களுக்கே தெரியும். பேராசிரியர்கிட்டப் போய் அதை எப்படிச் சொல்றதுன்னு…"

"ஐயோ! சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீங்க பொண்ணு கொடுத்தவங்களாச்சே!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பயிற்சிச் செவிலி எட்டிப் பார்த்தபோது, ஒரு பேராசிரியர் போர்வை அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பசை மேடம் நூற்றுப்பன்னிரண்டு படிவங்களையும் மேஜையில் பரப்பிக் கடைசிக் கட்டத்தை மட்டும் படித்தார். 'வெந்நீர்த் துணி, கை வைத்தேன், எட்டு நிமிடம். பூனை வளர்த்ததைப் பற்றிச் சொன்னார்.' 'கை வைத்தேன், பதினொரு நிமிடம். அழுதார். அழுது முடித்தபோது கழன்றுவிட்டது.' 'இன்று எனக்குக் காய்ச்சல். நாலே நிமிடத்தில் வந்துவிட்டது!' இந்த வரியைப் படித்தபோது மேடம் துள்ளி எழுந்தார். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறார் மனுஷி! தொட்டியை முப்பதுக்கு இறக்கிப் படலத்தைப் போட்டுப் பார்த்தார். அரைமணி ஆகியும் ஒட்டிக்கொண்டே இருந்தது. முப்பத்தைந்துக்கு ஏற்றினார், கொஞ்ச நேரத்தில் மிதந்தது. தண்ணீர் பாதி வேலைதான் செய்கிறது. மீதியைச் சூடு செய்கிறது. முப்பத்தொரு வருடம் படித்தவருக்குத் தெரியாத ஒன்று, நூற்றுப்பன்னிரண்டு கட்டங்களில் பேனாவால் எழுதி அவருடைய அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

மகிழ்ச்சி கொஞ்ச நேரம்தான். பிறகு சுவரில் காலண்டரைப் பார்த்தார்.

நேர்காணல் அன்று காலை, அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது சிஸ்டர் சம்பந்தியின் காதோரம் சாய்ந்தார். "நான் சொல்றதைக் கேளுங்க. இன்னிக்கு அதைப் பேச வேண்டாம். விருது வரட்டும். அப்புறம் நிதானமாத் திருத்திக்கலாம். நாம என்ன ஓடியா போகப்போறோம்?"

"மனுவுல தப்பா எழுதியிருக்கே."

"தெரியாமத்தானே எழுதினீங்க? நாலு தடவை காத்திருந்தவங்க நீங்க. உங்க பொண்ணு அந்த ஆணியைப் பத்தி எனக்குச் சொல்லியிருக்கா."

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் பசை மேடத்துக்கும் இருந்தது. அப்படியே எண்ணிக்கொண்டுதான் உள்ளே போனார்.

நடுவர்கள் மூன்று பேர். தலைவர் ஒரு கணக்குப் பேராசிரியர். மற்ற இருவரில் ஒருவர் சட்டம், ஒருவர் ஓவியம். பாலிமர் தெரிந்தவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பது அந்த விருதின் விதி.

முதலில் சிஸ்டர். பையிலிருந்து கிளிப்புச் சங்கிலியை எடுத்தார். "இது மாதிரி கோடிச் சங்கிலிங்க. ஒவ்வொண்ணுக்கும் குட்டிக் கைங்க. தோலைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். பிடிக்கிற பசை கடையிலயே கிடைக்கும். விடத் தெரிஞ்ச பசைதான் கஷ்டம். எங்க சம்பந்தி முப்பத்தொரு வருஷமா அதைத்தான் தேடினாங்க. பத்து வருஷம் செஞ்சதையெல்லாம் தூக்கிப் போட்டாங்க. எனக்குச் சமையல்ல ஒரு தடவை உப்புக் கூடினாலே அடுத்த நாள் அடுப்புப் பக்கம் போகப் பிடிக்காது." ஓவியக்காரர் சிரித்தார். ஒரு தப்பு இல்லாமல் சொல்லி முடித்தார். அந்த 'நல்லா இருக்கு சம்பந்தி'க்குப் பின்னால் இவ்வளவும் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று பசை மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவர் எழுந்தார்.

"சிஸ்டரோட வேலை என்னன்னா…" என்று தொடங்கினார். படலத்தை ஒட்டுவார், தண்ணீர் விடுவார், உரிப்பார், எழுதுவார். இப்படித்தான் சொல்ல வேண்டும். அப்படித்தான் மனுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை மாதிரி. திரும்பிப் பார்த்தார். சொல்லாதீங்க என்று சிஸ்டர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"என்னன்னா," என்றார் மறுபடியும், "கையை வச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்றது. மனுவுல முதல் பக்கத்துல நான் எழுதினது தப்பு. சாதாரணத் தண்ணியில அது வராது. சூடும் வேணும். அது எனக்குத் தெரியாது. இவங்களுக்குத் தெரியும். இவங்க கையே கண்டுபிடிச்சுது." பிறகு படிவங்களை எடுத்தார். பூனையைப் படித்தார், நீச்சல் போட்டியைப் படித்தார், காய்ச்சலைப் படித்தார். ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிவிட்டது. யாரும் மணி அடிக்கவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லலேன்னா எங்களுக்கு இது தெரிஞ்சிருக்காதே மேடம்?"

"தெரிஞ்சிருக்காது சார்."

"பின்ன ஏன் சொன்னீங்க?"

"அவங்க வேலையைச் சொல்லச் சொன்னீங்க. இதை விட்டுட்டா அவங்க வேலைன்னு சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லையே."

தலைவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டி மனுவைப் புரட்டினார். "மனுவுல இருக்கறதை வச்சுத்தான் நாங்க மார்க் போட முடியும். அதையே நீங்க தப்புன்னு சொல்லிட்டீங்க. திருத்தி, அடுத்த வருஷம் கண்டிப்பா கொண்டு வாங்க."

"அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு சார்."

"அடடா," என்றார் கணக்குக்காரர். அவரிடம் வேறு கணக்கு இல்லை.

விருது விழா அன்று இரண்டு பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். உடைந்த பழைய பானைகளை ஒட்டிச் சேர்த்த ஒரு பாலிமர்ப் பையனுக்கும், தொல்லியல் துறை அம்மாள் ஒருவருக்கும் கொடுத்தார்கள். பசை மேடம் மனசாரக் கைதட்டினார்.

"நல்ல பசை. ஆனா விடவே விடாது," என்றார்.

"பானைதானே, விட்டு என்ன செய்யப் போகுது?" என்றார் சிஸ்டர். பிறகு சட்டென்று திரும்பி, "உங்க மேல எனக்குக் கோபம். வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேட்காம வீம்பு பிடிச்சுட்டீங்க," என்றார்.

"எனக்கும்தான் கோபம். அந்தப் படிவத்துல உங்க கையெழுத்து இருக்கே, கோழி கிளறின மாதிரி. நாலு நாள் என் கண்ணே போச்சு."

"நீங்க போட்ட கட்டம் தீப்பெட்டி அளவு. அதுல ஒரு மனுஷனோட கதையை எப்படி எழுதறதாம்?"

"அடுத்த படிவத்துல பாதிப் பக்கம் தரேன், போதுமா?"

"ஓய்வுன்னீங்களே?"

"விருதுக்குத்தான் ஓய்வு. கண்டக்டர் கைக்கு யார் பதில் சொல்றது? சூட்டைத் தானே வச்சிருக்கற துணி ஒண்ணு செய்யணும், சில்லுனு கை இருக்கறவங்களும் உரிக்கற மாதிரி. ஏப்ரலுக்கு அப்புறம் உங்க வார்டுல ஒரு மூலை கொடுங்க."

முன் வரிசையிலிருந்து யாரோ திரும்பி, "உஷ்" என்றார்கள். மேடையில் பட்டயத்தை உயர்த்திப் பிடித்தார்கள். கண்ணாடிச் சட்டத்தில் விளக்கு பட்டு மின்னியது. பசை மேடம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை மடியில் கிடந்தது. சிஸ்டர் அதை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

பசை மேடம் மேடையைப் பார்த்தபடியே, "எவ்வளவு நேரம் வச்சிருப்பீங்க?" என்றார்.

"அவசரப்படாதீங்க, பத்து நிமிஷம் ஆகும்," என்றார் சிஸ்டர். "அந்த ஆணி அடிச்ச கதையைச் சொல்லுங்க. முதல்ல இருந்து."